பாதி வணக்கம்

எங்கள் கராத்தே வகுப்பில் வணக்கம் பாதிதான். மற்ற ஊர்களில் இடுப்பை மடக்கிக் குனிவார்கள். நாங்கள் கைகளைத் தொடையோடு ஒட்ட வைத்து, மோவாய் நெஞ்சுக்குப் பக்கத்தில் வரும் அளவுக்குத் தலையை மட்டும் தாழ்த்துவோம். ஒருமுறை மதுரையில் போட்டிக்குப் போனபோது நடுவர் ஒருவர் மைக்கிலேயே, "என்ன சார், உங்க ஊர்ப் பிள்ளைங்க எல்லாருக்கும் கழுத்துச் சுளுக்கா?" என்று கேட்டுவிட்டார். அரங்கமே சிரித்தது. எனக்குக் கோபம் மண்டைக்கு ஏறியது. "எங்க வழக்கம் அது சார், மார்க்கு குறைக்கணும்னா குறைச்சிக்கோங்க," என்றேன். குறைத்துத்தான் விட்டார்.

அந்தப் பாதி வணக்கத்தை உண்டாக்கியவர்கள் இரண்டு பேர், நானும் என் கூட்டாளியும். எனக்குத் தென்காசியில் மோட்டார் காயில் கட்டும் கடை. அவன் அதே ஊரில் தறிக்காரக் குடும்பத்து முஸ்லிம். இரண்டு பேருக்கும் ஒரே வயசு. கராத்தே கற்றுக்கொள்ள ஞாயிறுதோறும் திருநெல்வேலிக்கு ஒரே பஸ்ஸில் போய் வந்தோம்.

திருநெல்வேலி வகுப்பில் முன்சுவரில் ஓகினாவாத் தீவுக் கிழவர் ஒருவரின் படம் மாட்டியிருந்தது. எங்கள் கராத்தே முறையை வகுத்தவர் அவர் என்று சொன்னார்கள். ஜப்பான்காரர்கள் அந்தப் படத்தைப் பார்த்துக் குனிவதோடு விட்டுவிடுவார்களாம். நம் ஆட்கள் சும்மா இருப்பார்களா? மாலை போட்டு, சந்தனம் வைத்து, ஊதுவத்தி கொளுத்தி, அவரைக் குலசாமி ஆக்கிவிட்டார்கள். என் கூட்டாளி அதற்குக் குனிய மாட்டான். "படைச்சவனுக்கு மட்டும்தாம்லே குனியணும்," என்பான். அதற்காகச் சண்டை எதுவும் போடவில்லை. எல்லோரும் வணங்கி முடிக்கும்வரை செருப்புகள் கிடக்கும் வாசலில் நிற்பான். முடிந்ததும் உள்ளே வந்து வரிசையில் சேர்ந்துகொள்வான். நான்கு வருடம் அப்படி நின்றான். நான் உள்ளே குனிந்தபடியே கடைக்கண்ணால் அவன் கால்களைப் பார்ப்பேன். எரிச்சலாக வரும். அந்த எரிச்சல் அவன் மேலா, படத்தின் மேலா, குனிந்து நிற்கும் என் மேலா என்று அன்றைக்கு எனக்குத் தெரியாது.

இரண்டு பேரும் பிளாக் பெல்ட் வாங்கி, தென்காசியில் அவர்கள் வீட்டுத் தறிக்கூடத்திலேயே சொந்தமாக வகுப்பு தொடங்கினோம். தறி ஓடி வெகுநாள் ஆகியிருந்தது. தறிக்குழிகளை மணல் போட்டு மூடினோம். முன்சுவரில் யாரை மாட்டுவது என்ற பேச்சு வந்தது.

"ஒண்ணும் மாட்ட வேண்டாம்லே. சும்மா கெடக்கட்டும்," என்றேன்.

அவன் சுவரில் இருந்த ஒட்டடையைக் கையால் தட்டினான். பிறகு, "அப்போ யாருக்கு வணக்கம் போடுதது?" என்று கேட்டான்.

"நீ எனக்குப் போடு. நான் உனக்குப் போடுதேன்."

"ஒனக்கு எதுக்குலே முழுசா? பாதி போதும்," என்றான். அப்படி வந்ததுதான் அந்த வணக்கம். கேலியாகச் சொன்னது, வழக்கமாகிவிட்டது. அவனுக்கும் மனசில் உறுத்தல் இல்லை. ஸலாம் சொல்லும்போது தலை அசைவதைப் போலத்தான் இது என்று அவனே ஒரு கணக்குச் சொல்லிக்கொண்டான்.

கூடவே ஒரு விதியும் வைத்தான். ஒருவன் தலை தாழ்த்தினால் எதிரே நிற்பவனும் உடனே தாழ்த்த வேண்டும். தலை நிமிரும்போது எதிராளி விறைத்து நிற்பதை ஒருத்தனும் பார்க்கக் கூடாது. நான் ஒரே ஒருமுறை அந்த விதியை மீறப் பார்த்தேன். என் விலாவில் அவன் விட்ட உதையில் எனக்கு மூச்சு நின்றுவிட்டது. சண்டை முடிந்து அவன் தலை தாழ்த்தினான். நான் கோபத்தில் முறைத்துக்கொண்டு நின்றேன். அவன் நிமிரவே இல்லை. அப்படியே குனிந்த தலையோடு, "ஏலே, கழுத்து வலிக்கு. சீக்கிரம் போடு," என்றான். பிள்ளைகள் எல்லாம் சிரித்துவிட்டார்கள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. தலையைத் தாழ்த்தினேன். அதற்கப்புறம்தான் அவன் நிமிர்ந்தான்.

சில வருடங்களில் அவன் அண்ணன் தம்பிகள் சொத்தைப் பிரித்தார்கள். தறிக்கூடம் இருந்த இடத்தில் கடைகள் வந்தன. அவன் அரபு நாட்டில் தம்மாமுக்குக் கிரேன் ஓட்டப் போனான். போகும்போது, "கிளாஸ விட்டுராத லே, வந்து சேந்துக்கிடுதேன்," என்று மட்டும் சொன்னான். நான் விடவில்லை. குற்றாலத்தில் லாட்ஜ் வைத்திருக்கும் ஒரு அண்ணாச்சி மாடி ஹாலைத் தந்தார். இலத்தூரில் வயல் உள்ள குடும்பம் அவருடையது. ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்று வந்தவர். சாரல் சீசனில் மட்டும் ஹால் முழுக்க பாய் விரித்து டூரிஸ்ட்டுகளைப் படுக்க வைப்பார். அந்த இரண்டு மாதம் எங்களுக்கு விடுமுறை. மற்ற நாட்களில் வாடகை கேட்டதில்லை. அங்கேயும் முன்சுவரை நான் வெறுமையாகவே வைத்திருந்தேன்.

இனி சொல்லப்போவது என் வாய் செய்த வேலை.

கூட்டாளி தம்மாமில் இருந்த காலத்தில் வகுப்பு மெலிந்துபோனது. பள்ளிக்கூடங்களில் சிலம்பம் சொல்லிக்கொடுக்கத் தொடங்கியிருந்தார்கள். "நம்ம கலை இருக்கும்போது ஜப்பான்காரன் கலை எதுக்கு மாஸ்டர்?" என்று பெற்றோர்கள் என் முகத்துக்கு நேராகவே கேட்டார்கள். பதினொரு பிள்ளைகள்தான் மிஞ்சினார்கள். அந்த வருட ஆண்டு விழாவில் மைக் என் கைக்கு வந்தது. பதில் சொல்ல வேண்டும் என்ற வீம்பு. "ஜப்பான்காரன் யார்கிட்ட படிச்சான்? ஓகினாவாக்காரன்கிட்ட. அவன் யார்கிட்ட படிச்சான்? சீனாக்காரன்கிட்ட. அந்தச் சீனாக்காரனுக்குச் சொல்லிக் கொடுத்தது யாரு? நம்ம காஞ்சிபுரத்துல இருந்து கப்பல் ஏறிப் போன தமிழ்த் துறவி," என்று போட்டேன் ஒரு போடு. ஹால் அதிர்ந்தது. முன்வரிசையில் லாட்ஜ் அண்ணாச்சி எழுந்து நின்று கைதட்டினார்.

எனக்கு அதற்கு ஆதாரம் தெரியுமா? தெரியாது. திருநெல்வேலி வகுப்பில் யாரோ சொல்லிக் கேட்டது. அந்தத் துறவி இருந்தாரா, போனாரா, போய் யாருக்கு என்ன சொல்லிக் கொடுத்தார் என்று நான் ஒரு பக்கம்கூடப் படித்ததில்லை. ஆனால் அடுத்த மாதமே பிள்ளைகள் நாற்பதைத் தாண்டினார்கள். அப்புறம் எங்கே விடுவேன்? அடுத்த வருடமும் சொன்னேன், அதற்கடுத்த வருடமும் சொன்னேன். துறவியை 'நம்ம பாட்டன்' என்றும் ஆக்கிவிட்டேன். நோட்டீஸில் 'தமிழன் உலகுக்குத் தந்த தற்காப்புக் கலை' என்று அச்சடித்தேன். சொல்லச் சொல்ல எனக்கே அது உண்மையைப் போலத் தோன்ற ஆரம்பித்தது.

இரண்டு வருடத்துக்கு முன்னால் கூட்டாளி ஊரோடு வந்துவிட்டான். தென்காசியில் அண்ணன் ஜவுளிக்கடையில் உட்கார்ந்தான். வந்த மறுநாளே பழைய கராத்தே உடுப்பை எடுத்துக்கொண்டு ஹாலுக்கு வந்தான். வெறுஞ்சுவரைப் பார்த்ததும் அவன் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். நோட்டீஸைப் பார்த்ததும் விழுந்து விழுந்து சிரித்தான்.

"கோட்டி பிடிச்சிருக்காலே ஒனக்கு? என்னத்தலே அச்சடிச்சி வச்சிருக்கே?"

"சும்மா கெட. கிளாஸ் நடக்கணும்லா."

"அந்தத் துறவி சண்டை சொல்லிக் கொடுத்தாருன்னு எழுதின புத்தகமே அவரு செத்துப் பலநூறு வருஷம் கழிச்சி எவனோ எழுதினதாம். நீ காஞ்சிபுரங்கே. அவரு பாரசீகத்துக்காரருன்னு எழுதி வச்சவனும் இருக்கான். நான் போயி அவரு எங்க பக்கத்து ஆளுன்னு சொல்லட்டுமா?"

தம்மாமில் வெள்ளிக்கிழமை காலைகளில் தொழிலாளர் கேம்ப்புக்குப் பின்னால் ஒரு கொரியாக்காரனோடும் ஒரு சீனாக்காரனோடும் சேர்ந்து அவன் பயிற்சி செய்திருக்கிறான். அதில் பெரிய சண்டை வந்ததாம். "கொரியாக்காரன், எங்க கலை ரெண்டாயிரம் வருஷத்துக் கலைங்கான். சீனாக்காரன், போடா, நீ ஜப்பான்ல போயி படிச்சிட்டு வந்து பேர மாத்திக்கிட்டே, ஜப்பான்காரன் எங்ககிட்ட படிச்சான்ங்கான். ரெண்டு பேரும் ரெண்டு மாசம் பேசிக்கிடல. நான் ரெண்டு பேருகூடயும் தனித்தனியா பழகினேன். ரெண்டு பேரும் ஒரே மாதிரிதாம்லே கையத் தூக்கித் தடுத்தான்," என்றான். பிறகு வெறுஞ்சுவரைக் காட்டி, "அன்னைக்கே நெனைச்சேன், நம்ம கிளாஸ்ல இந்தத் தொயரம் கெடயாதுன்னு," என்றான். என்னால் அவன் கண்களைப் பார்க்க முடியவில்லை. "சவத்த விடு. வா, வார்ம் அப் பண்ணு," என்று பேச்சை மாற்றினேன்.

இந்த வருடம் சீசன் முடிந்து ஹாலைத் திரும்ப வாங்கப் போனேன். அண்ணாச்சி என்னைக் கையைப் பிடித்து மாடிக்கு அழைத்துப் போனார். ஏதோ ஒன்றைச் சுவரில் சாய்த்து வைத்து வெள்ளை வேட்டியால் மூடியிருந்தார். வேட்டியை விலக்கினார். ஆளுயரப் படம். முழித்த கண்ணும் தாடியுமாகக் காவி உடுத்த துறவி. கீழே, 'உலகத் தற்காப்புக் கலைகளின் தந்தை, எங்கள் தமிழ்ப் பாட்டன்' என்று பொன் எழுத்து. பக்கத்தில் ஒரு பித்தளைக் குத்துவிளக்கு.

"எப்படி வே இருக்கு? ஆண்டு விழா அன்னைக்கு வெளக்கேத்தித் தொறந்துருவோம். இனிமே பிள்ளைகள் டெய்லி இவரக் கும்பிட்டுட்டுத்தான் ஆரம்பிக்கணும்."

"அண்ணாச்சி, நம்ம கிளாஸ்ல படம் வைக்கதில்லை..." என்று இழுத்தேன்.

"உம்ம பேச்சைக் கேட்டுத்தான வே செஞ்சேன். பாட்டன் பாட்டன்னு வருஷா வருஷம் நீருதான சொல்லுதீரு? பாட்டனுக்கு ஒரு படம் வேண்டாமா?"

அவரைக் குறை சொல்ல முடியாது. நான் விதைத்ததை அவர் பொன் எழுத்தில் எழுதிவிட்டார், அவ்வளவுதான். கூட்டாளியைப் பற்றி மெதுவாகச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. நல்ல மனுஷர்.

"பாய்க்குச் சங்கடம்னா ஒண்ணும் இல்ல. எல்லாரும் கும்பிட்டு முடிக்கிற வரைக்கும் வாசல்ல செத்த நேரம் நிக்கட்டும். முடிச்ச பொறவு உள்ள வரட்டும். யாரு வே வேண்டாங்கா?"

அந்த இடத்தில் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. "சரி அண்ணாச்சி, பேசிப் பாக்கேன்," என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினேன். ஹால் போய்விட்டால் வேறு இடம் ஏது என்ற கவலைதான் அப்போது மண்டைக்குள் ஓடியது.

அன்று சாயங்காலம் ஐந்தருவிக்குப் போகும் ரோட்டில் ஒரு டீக்கடையில் கூட்டாளியிடம் சொன்னேன். படத்தைப் பற்றிச் சொல்லும்வரை கேட்டுக்கொண்டிருந்தான். வாசலைப் பற்றிச் சொன்னதும் டீ கிளாஸைப் பெஞ்சில் வைத்துவிட்டான்.

"மறுபடியும் வாசலா லே?" என்றான்.

இருபத்தைந்து வருடமாக அவனோடு பழகுகிறேன். அவன் குரல் அப்படி இறங்கி நான் கேட்டதில்லை. அவன் வாப்பா இறந்த அன்றைக்குக்கூட இல்லை.

"ஏலே, நாம தொடங்கின கிளாஸ் இது. எங்க தறிக்கூடத்துல, எங்க குழிய மூடி. அதுல நான் செருப்போட செருப்பா நிக்கணுமா?"

"படத்த நான் எடுத்துருதேன். அண்ணாச்சிகிட்ட சண்ட போட்டாவது எடுத்துருதேன்," என்றேன்.

"படம் இருந்துட்டுப் போகட்டும். நீ ஓடிப்போயி அதப் புடுங்கினேன்னா, பாய் சொல்லித்தான் எடுத்தாங்கன்னு ஊருக்குள்ள பேச்சாயிரும். அது இன்னும் கேவலம். நீ மேடையில ஒண்ணே ஒண்ணு சொல்லு. இந்தக் கலை எங்க பொறந்துச்சி, யாரு யாருக்குச் சொல்லிக் கொடுத்தா, எனக்கு நிச்சயமாத் தெரியாதுன்னு சொல்லு. அவ்வளவுதான். நீ தெரியாதுன்னு சொல்லிட்டா, அது செவத்துல தொங்குத ஒரு படம். நான் பாட்டுக்கு வந்து ஒனக்கு வணக்கம் போட்டுட்டுப் போயிருவேன். இவருதான் நம்ம எல்லாருக்கும் பாட்டன், கும்பிடுங்கன்னு நீயே சொன்னேன்னா, நான் எங்கலே நிக்க?"

"சொல்லுதேன்," என்றேன்.

"சொல்லுவியா?"

"சத்தியமாச் சொல்லுதேன்லே."

அவன் எழுந்து போய் இரண்டு பேருக்கும் இன்னொரு டீ சொன்னான். அப்போது அவன் முகம் தெளிந்துவிட்டது. என்னை நம்பினான். அதை நினைத்தால்தான் இப்போதும் மனசு ஆறவில்லை.

ஆண்டு விழா ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில். மேடையில் பேச வேண்டிய மூன்று வாக்கியங்களை ஒரு தாளில் எழுதிச் சட்டைப் பையில் வைத்திருந்தேன். நாலைந்து முறை சொல்லியும் பார்த்தேன். என் மனைவி, "என்ன தனியாப் பொலம்புதீங்க?" என்று கேட்டாள். ஹாலில் இடமில்லாமல் படிக்கட்டிலும் பெற்றோர்கள் நின்றார்கள். சுரண்டையில் இருந்து ஒரு வேன் நிறைய ஆட்கள். பிள்ளைகள் வெள்ளை உடுப்பில் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். கூட்டாளியும் கராத்தே உடுப்பில் வந்திருந்தான். வாசலில் நிற்கவில்லை. உள்ளே, கடைசி வரிசைக்குப் பின்னால், சுவரோரம் நின்றான். பெல்ட்டைப் புதிதாகக் கட்டியிருந்தான்.

அண்ணாச்சி எனக்குப் பொன்னாடை போர்த்தினார். "நம்ம மாஸ்டர் பேசிட்டு வெளக்கேத்துவார். அவரு பேச்சக் கேக்கத்தான் பாதிப் பேரு வந்திருக்கீங்க," என்று மைக்கைக் கொடுத்தார். தாளை எடுத்துப் பிரித்தேன்.

"ஒரு விஷயம் சொல்லணும்," என்று தொடங்கினேன். ஹால் அடங்கிவிட்டது. அருவிப் பக்கம் தண்ணீர் விழுகிற சத்தம் ஜன்னல் வழியாக லேசாகக் கேட்டது. "இந்தக் கலை எங்க பொறந்துச்சின்னு கேட்டா..."

அந்த இடத்தில் நான் நிறுத்தினேன். நிறுத்தியதும் முன்வரிசையில் இருந்த ஒரு அப்பா, அடுத்து என்ன வரப்போகிறது என்று தெரிந்தவரைப் போலக் கைகளைத் தூக்கித் தட்டத் தயாரானார். அவர் பக்கத்தில் இருந்தவரும் தயாரானார். பிள்ளைகள் சிரித்த முகத்தோடு என்னையே பார்த்தார்கள். எனக்குப் பயமில்லை. பயம் என்று சொன்னால் பொய். ஹால்கூட அந்த நேரத்தில் நினைவில் இல்லை. எனக்கு அந்தக் கைதட்டல் வேண்டும் என்று இருந்தது. கேவலமான ஆசைதான். இத்தனை பேர் ஒரே சமயத்தில் என்னால் சந்தோஷப்படுவதை இன்னும் ஒரே ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் என்று இருந்தது.

"...ஜப்பான்காரன் யார்கிட்ட படிச்சான்?" என்றேன்.

ஓகினாவா வந்தது, சீனா வந்தது, காஞ்சிபுரம் வந்தது, கப்பலும் வந்தது. ஒரு சொல் விடாமல் முழுசாகச் சொல்லி முடித்தேன். இதுவரை சொன்னதிலேயே நன்றாகச் சொன்னது அன்றைக்குத்தான். கைதட்டல் ஓயவே இல்லை. அண்ணாச்சி துணியை இழுத்தார். நான் விளக்கேற்றினேன். "எல்லாரும் எந்திரிச்சு பாட்டனுக்கு வணக்கம்," என்று அண்ணாச்சி கட்டளை போட்டார். அது பாதி வணக்கம் இல்லை. பிள்ளைகள் அத்தனை பேரும் படத்தைப் பார்த்து இடுப்பு மடியக் குனிந்தார்கள். பெற்றோர்களும் கைகூப்பிக் குனிந்தார்கள்.

ஹாலில் நிமிர்ந்து நின்றது இரண்டே பேர். மைக்கோடு மேடையில் நான், கடைசிச் சுவரோரம் அவன். நடுவில் இருந்த முதுகுகளுக்கு மேல் அவன் முகம் முழுசாகத் தெரிந்தது. அவன் முகத்தில் கோபம் இல்லை. சண்டை முடிந்ததும் எதிராளியைப் பார்க்கிற மாதிரி பார்த்தான். கால்களைச் சேர்த்தான். கைகளைத் தொடையோடு ஒட்ட வைத்தான். படத்தைப் பார்க்காமல் என்னைப் பார்த்து, எங்கள் வணக்கத்தைப் போட்டான். தலையைத் தாழ்த்தியவன் வெகுநேரம் நிமிரவில்லை. பழையபடி எனக்காகக் காத்துக்கொண்டிருந்தான்.

பிள்ளைகள் ஒவ்வொருவராக நிமிரத் தொடங்கினார்கள். அண்ணாச்சி என் தோளில் தட்டி, கேமராவைப் பார்க்கச் சொன்னார். நான் கேமராவைப் பார்த்தேன். திரும்பவும் அவன் பக்கம் பார்த்தபோது அவன் தலை நிமிர்ந்திருந்தது, நான் விறைத்து நிற்பதை அவன் பார்த்துவிட்டான்.